அரபும் எபிரேயமும் சொந்தம் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கேள்வி இதுதான்: “அரபும் எபிரேயமும் ஒரே குடும்பம் என்கிறார்கள். ‘ஸலாம்’, ‘ஷாலோம்’ என்று நாலு சொல் ஒத்துப்போனால் போதுமா? அப்படிப் பார்த்தால் அவர்களும் ‘அப்பா’ என்கிறார்கள், நாமும் ‘அப்பா’ என்கிறோம். தமிழும் அவர்களுடைய செமிட்டிக் குடும்பத்து மொழியா? அந்த இரண்டில் எது தாய், எது மகள்?”

கிண்டலாகக் கேட்டிருந்தாலும் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள். நாலு சொல் போதாது. நாற்பது சொல் ஒத்துப்போனாலும் போதாது. ஏன் என்பதற்கு உங்கள் ‘அப்பா’விலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தமிழ் பைபிளில் மாற்கு சுவிசேஷத்தில் இயேசு ‘அப்பா பிதாவே’ என்று ஜெபிக்கிறார். அந்த ‘அப்பா’ தமிழ் மொழிபெயர்ப்பாளர் போட்ட சொல் இல்லை. கிரேக்க மூலத்திலேயே அது, இயேசு பேசிய அரமேய மொழியின் சொல்லாக, அப்படியே கிடக்கிறது. தமிழுக்கு வந்தபோது நம் அப்பாவோடு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஆனால் குழந்தை முதலில் எழுப்பும் ஒலிகள் உதட்டில் பிறக்கும் ப, ம, பிறகு வாயைத் திறந்தால் வரும் ஆ. அதைக் கேட்டுப் பெற்றோர் தங்களைத்தான் கூப்பிடுகிறது என்று மகிழ்ந்துபோவது உலகம் முழுக்க நடப்பது. சீனத்திலும் துருக்கியிலும் ‘பாபா’ என்றால் அப்பா. ஜார்ஜிய மொழியில் ‘மாமா’ என்றால் அப்பா! ஆகவே இந்த வகைச் சொற்களை மொழியியலார் முதலிலேயே கழித்துவிடுவார்கள்.

அடுத்துக் கழிக்க வேண்டியது கடன் வாங்கியவை. மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் ‘துக்கி’ நம் ‘தோகை’தான் என்று கால்டுவெல் காலத்திலிருந்து சொல்லி வருகிறார்கள். அது சரியாகவே இருந்தாலும், கப்பலில் மயிலோடு போன சரக்கு அது, அவ்வளவுதான். எதிர்த்திசையில் நமக்கு வந்தவை எக்கச்சக்கம்: மாமூல், அமல், மகசூல், தாசில், முகாம், பாக்கி, நகல். எல்லாம் அரபுச் சொற்கள், பாரசீகம், உருது வழியாக வந்தவை. இவற்றை வைத்துத் தமிழ் அரபுக்குச் சொந்தம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த மொழிகளின் உள்கட்டமைப்பைக் காட்ட இவை எனக்கு ரொம்ப வசதி.

‘மாமூல்’, ‘அமல்’ இரண்டையும் பாருங்கள். நமக்கு இவை வெவ்வேறு சொற்கள். அரபில் இரண்டுக்கும் வேர் ஒன்றே: ஒரு தொண்டை ஒலி, ம், ல். பொருள் ‘செய்தல்’. ‘அமல்’ என்றால் செயல். ‘மாமூல்’ என்றால் செய்யப்பட்டு வருவது. இப்போது ‘மகசூல்’. மூல அரபில் ‘மஹ்ஸூல்’. ‘மாமூல்’ வார்த்த அதே அச்சில் ஹ், ஸ், ல் என்ற வேறு வேரை ஊற்றினால் ‘மஹ்ஸூல்’, அதாவது கைக்கு வந்து சேர்ந்தது. அதே வேரை இன்னோர் அச்சில் ஊற்றினால் ‘தஹ்ஸீல்’, வசூலித்தல். அதில் பாரசீக ‘தார்’ ஒட்டித்தான் நம் தாசில்தார். மெய்கள் வேராக நிற்க, உயிர்கள் உள்ளே மாறி மாறி இலக்கணம் செய்யும் இந்த ஏற்பாடு செமிட்டிக் மொழிகள் எல்லாவற்றிலும் உண்டு. நாம் வேரோடு விகுதிகளை வரிசையாக ஒட்டிக்கொண்டே போகிறவர்கள். இவர்கள் வேரின் நடுவிலேயே கை வைப்பவர்கள்.

இனி உறவுக்கான சான்று. சிலுவையில் சொல்லப்பட்டதாக மாற்கு தருவது ‘எலோயி எலோயி லாமா சபக்தானி’: என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்? இது அரமேயம். இதன் மூலம் 22ஆம் சங்கீதம், அது எபிரேயம். அங்கே ‘சபக்தானி’ இருக்க வேண்டிய இடத்தில் ‘அஸவ்தானி’ இருக்கிறது. அரபில் இதையே சொன்னால் ‘தரக்தனி’. மூன்று மொழி, கைவிடுவதற்கு மூன்று வேறு வினைகள். ஆனால் வால் பகுதியைக் கவனியுங்கள்: ‘தா’ என்றால் நீ, ‘னி’ என்றால் என்னை. மூன்றிலும் அதே இரண்டு துண்டுகள், அதே வரிசை. வினைச்சொல்லைக் கடன் வாங்கலாம், பழையதைத் தூக்கிப்போட்டுப் புதியதை வைத்துக்கொள்ளலாம். ‘நீ என்னை’ என்பதை வினையின் வாலில் எப்படி ஒட்டுவது என்பதை அவ்வளவு சுலபமாக யாரும் கடன் வாங்குவதில்லை. ஒரு மொழிநூலார் ‘ஸலாம், ஷாலோம்’ பார்த்து அசைய மாட்டார். ‘தானி’யைப் பார்த்தால் நிமிர்ந்து உட்காருவார்.

அப்புறம் ஒலிகள். எது தாய், எது மகள் என்ற கேள்விக்கும் விடை இங்கேதான்.

‘ஹதீஸ்’ என்று நாம் எழுதுகிறோமே, அதன் கடைசி எழுத்து அரபில் உண்மையில் ஸ இல்லை. நாக்கு நுனியைப் பல்லிடையே வைத்து ஊதும் ஒலி. தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால் ஸ போடுகிறோம். இங்கே அதை ‘ஹதீஸ்-ஸ’ என்றும், சாதாரண ஸ ஒலியை ‘ஸலாம்-ஸ’ என்றும் பிரித்துச் சொல்கிறேன்.

மூன்று: எபிரேயத்தில் ஷாலோஷ், அரபில் ஸலாஸ், அரமேயத்தில் த்லாத். காளை: ஷோர், ஸவ்ர், தவ்ரா. பனி: ஷெலெக், ஸல்ஜ், தல்கா. எட்டு: ஷ்மோனெ, ஸமானியா, த்மான்யா. இந்த நான்கிலும் அரபில் முதலில் வருவது ஹதீஸ்-ஸ. எபிரேயத்தில் ஷ வந்தால் அரபில் ஹதீஸ்-ஸ, அரமேயத்தில் த.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அமைதி: ஷாலோம், ஸலாம், ஷ்லாமா. பெயர்: ஷேம், இஸ்ம், ஷ்மா. நாக்கு: லாஷோன், லிஸான், லிஷ்ஷானா. இங்கேயும் எபிரேயத்தில் ஷதான். ஆனால் அரபில் ஸலாம்-ஸ, அரமேயத்தில் ஷ.

இப்போது அரபு எபிரேயத்திலிருந்து பிறந்தது என்று வைத்துப் பாருங்கள். எபிரேயத்தில் இருப்பது ஒரே ஷ. அதில் எந்தச் சொல்லுக்கு ஹதீஸ்-ஸ போடுவது, எதற்கு ஸலாம்-ஸ போடுவது என்று அரபுக்காரனுக்கு எப்படித் தெரிந்தது? அரமேயக்காரன் தனியாக உட்கார்ந்து அதே பட்டியலை எப்படிப் பிரித்தான்? வாய்ப்பே இல்லை. முன்பு இரண்டு தனி ஒலிகள் இருந்தன. எபிரேயம்தான் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டது.

சரி, அப்படியானால் அரபு தாயா? அதுவும் இல்லை. அரபில் ஆண்டு ‘ஸனா’, கைதி ‘அஸீர்’. இரண்டிலும் ஒரே ஸ. எபிரேயத்தில் ஆண்டு ‘ஷானா’, கைதி ‘ஆஸீர்’. இங்கே எபிரேயம் பிரித்து வைத்திருப்பதை அரபு கலந்துவிட்டது. போதாததற்குப் பழைய ப எல்லாம் அரபில் ஃப ஆகிவிட்டது. திறப்பது எபிரேயத்தில் ‘பதஹ்’, அரபில் ‘ஃபதஹ’. ஆக இரண்டும் தாய் மகள் இல்லை, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். தாத்தா மொழியை யாரும் எழுதி வைக்கவில்லை. அதற்கு 29 மெய்கள் இருந்தன என்று பேரப்பிள்ளைகளின் ஒலிகளை வைத்துத்தான் கணக்கிட்டிருக்கிறார்கள். அரபு அதில் 28-ஐக் காப்பாற்றி வைத்திருக்கிறது. எபிரேயத்துக்குக் கிடைத்த நெடுங்கணக்கில் 22 எழுத்துகளே. யமனின் பழைய சபேயக் கல்வெட்டுகளில் 29-ம் இருக்கின்றன.

இப்படிக் கணக்குப் போட்டுச் சொல்வது வெறும் ஊகமாகப் படலாம். அதைச் சோதிக்க அருமையான இடம் காசா. அந்த ஊருக்கு எபிரேயத்தில் ‘அஸ்ஸா’. முதலெழுத்து ‘அயின்’ என்னும் தொண்டை ஒலி. அரபில் ‘கஸ்ஸா’, முதலெழுத்து ‘கைன்’, கொப்பளிப்பது போன்ற வேறு ஒலி. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கிரேக்க பைபிள் மொழிபெயர்ப்பில் அது ‘காஸா’ என்று க போட்டு வருகிறது. எபிரேயத்தில் ‘அமோரா’ என்றிருப்பது அங்கே ‘கொமோரா’. ஆனால் சாமுவேலை வளர்த்த ஆசாரியன் ஏலியின் பெயரும் அதே அயினில்தான் தொடங்குகிறது. அவரைக் ‘கேலி’ ஆக்கவில்லை. அதாவது, ஒரே எழுத்துக்குள் இரண்டு ஒலிகள் குடியிருந்ததை அந்த மொழிபெயர்ப்பாளர்கள் காதால் கேட்டிருக்கிறார்கள். கிரேக்க வழியிலான பெயர்களைப் பின்பற்றியதால்தான் நம் தமிழ் பைபிளிலும் காசா, கொமோரா என்று க நிற்கிறது.

சிரியக் கடற்கரையில் ராஸ் ஷம்ரா மேட்டில் 1929-இல் தோண்டியபோது உகரித் என்ற பழைய நகரம் கிடைத்தது. கி.மு. 1200 வாக்கில் அழிந்த ஊர். அங்கிருந்த களிமண் பலகைகளில் அதுவரை யாரும் பார்த்திராத 30 குறிகள் கொண்ட ஆப்பெழுத்து (ஈரக் களிமண்ணில் ஆப்பு வடிவில் பதிக்கும் எழுத்து). செமிட்டிக் மொழியாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு ஹான்ஸ் பாவர், தோர்ம், விரொல்லோ மூவரும் ஒரே வருடத்துக்குள் படித்துவிட்டார்கள். அந்த எழுத்தில் அயினுக்கு ஒரு குறி, கைனுக்கு வேறு குறி. ஹதீஸ்-ஸவுக்கும் தனிக் குறி. கணக்குப் போட்டு ‘இருந்திருக்க வேண்டும்’ என்று சொன்னவை களிமண்ணில் இருந்தன. இந்தத் துறையில் எனக்குப் பிடித்த தருணம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

29-இல் ஒன்று விசித்திரமானது. நாக்கு நுனியை ல சொல்லும் இடத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, குரல் கொடுக்காமல் பக்கவாட்டில் காற்றை ஊதிப் பாருங்கள். ஸவும் இல்லை, லவும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு சீறல் வரும். அரபில் இது ஷ ஆகிவிட்டது, எபிரேயத்தில் ஸ ஆகிவிட்டது. பத்து என்பது அரபில் ‘அஷர்’, எபிரேயத்தில் ‘எஸெர்’. பழைய காலத்தில் அது பக்கவாட்டு ஒலிதான் என்பதற்கு ஒரு சாட்சி நறுமணப் பிசின். எபிரேயத்தில் ‘போஸெம்’, அரபில் ‘பஷாம்’, கிரேக்கன் காதில் விழுந்தது ‘பால்ஸமோன்’. ஒற்றை ஒலியைப் பிடிக்க முடியாமல் ல், ஸ் என்று இரண்டாக எழுதி வைத்தான். எபிரேயத்தின் ‘கஸ்தீம்’ நம் பைபிளில் ‘கல்தேயர்’ ஆனதையும் இதற்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. நான் அதில் பாரம் ஏற்ற மாட்டேன். பழைய மெசொப்பொத்தேமியாவின் (இன்றைய ஈராக்) செமிட்டிக் மொழியான அக்காதியத்தில் ஷ் ஒலி த, ட போன்ற ஒலிகளுக்கு முன் ல் ஆகும் வழக்கம் தனியாகவே இருக்கிறது. எப்படியோ, அந்தச் சீறல் சாகவில்லை. ஓமனின் தோஃபார் பகுதியிலும் யமனின் மஹ்ரா பகுதியிலும் சொகோத்ரா தீவிலும் பேசப்படும் மெஹ்ரி, ஷெஹ்ரி, சொகோத்ரி மொழிகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. தோஃபாரில் உள்ள ஸலாலாவில் வேலை பார்த்த நம் ஆட்கள் சிலர் காதில் அது விழுந்தும், அரபு என்றே நினைத்திருப்பார்கள். அது அரபு இல்லை.

உயிரொலிகளைப் பற்றிச் சுருக்கமாக: அரபில் நெடில் ஆ இருக்கும் இடத்தில் எபிரேயத்தில் ஓ வருவதை மேலே உள்ள சொற்களிலேயே பார்க்கலாம். லிஸான், லாஷோன். இந்த மாற்றம் கி.மு. 14ஆம் நூற்றாண்டிலேயே நடந்துவிட்டது. எகிப்தில் அமர்னாவில் 1887-இல் கிடைத்த கடிதங்களில், எபிரேயத்துக்கு நெருங்கிய மொழி பேசிய கானான் நாட்டுச் சிற்றரசர்களின் எழுத்தர்கள் அக்காதியத்தில் எழுதும்போது ஊர்ப் பேச்சு நடுவில் கசிந்திருக்கிறது. ‘நான்’ என்பதற்கு அக்காதியம் ‘அனாகு’. இவர்களில் ஒருவர் ‘அனுகி’ என்று எழுதியிருக்கிறார். ஆப்பெழுத்தில் ஓ இல்லாததால் உ.

இதையெல்லாம் ஐரோப்பியர்கள்தான் முதலில் கவனித்தார்கள் என்று எண்ண வேண்டாம். 9–10ஆம் நூற்றாண்டு வாக்கில் இன்றைய அல்ஜீரியாவின் தாஹெர்த்தில் வாழ்ந்த யூதா இப்னு குரைஷ், ஃபெஸ் நகர யூதர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். வேதத்தின் அரமேய மொழிபெயர்ப்பை வாசிப்பதை அவர்கள் விட்டுவிட்டதுதான் அவருடைய வருத்தம். அரமேயமும் அரபும் தெரியாமல் எபிரேய வேதம் முழுதாகப் புரியாது என்று காட்ட, சொற்களை ஒன்றோடொன்று வைத்து ஒப்பிட்டார். கொர்தோபாவின் இப்னு ஹஸ்ம் (மறைவு 1064) இன்னும் ஒரு படி மேலே போய், சிரியாக் (அரமேயத்தின் ஒரு வகை), எபிரேயம், அரபு மூன்றும் ஆதியில் ஒரே மொழி, மக்கள் இடம் பெயரப் பெயர மாறியது என்று எழுதினார். மூன்று மொழியும் ஒரே தெருவில் புழங்கிய ஊர்களில் இது தோன்றாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஐரோப்பாவில் ஹியோப் லுடால்ஃப் 1661-இல் எத்தியோப்பியாவின் பழைய வழிபாட்டு மொழியான கீஸுக்கு இலக்கணம் வெளியிட்டபோது குடும்பம் செங்கடலைத் தாண்டியது.

‘செமிட்டிக்’ என்ற பெயர் 1781-இல் ஜெர்மானியர் ஷ்லோட்ஸர் வைத்தது. நோவாவின் மகன் சேமை நினைத்து. பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் ஆதியாகமம் 10ஆம் அதிகாரத்து வம்சாவளி மொழிக்கணக்கு இல்லை. அங்கே கானான் காமின் மகன். கானானியரின் மொழியோ எபிரேயத்துக்குப் பக்கத்து வீடு. ஏலாம் அங்கே சேமின் மகன்; இன்றைய ஈரானின் தென்மேற்கில் வழங்கிய பழைய மொழியான ஏலாமியம் செமிட்டிக்கே இல்லை. (அந்த ஏலாமியத்தைத்தான் மொழியியலார் டேவிட் மெக்ஆல்பின் திராவிடத்தோடு சேர்க்கப் பார்த்தார். பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கவில்லை, எனக்கும் திருப்தியில்லை. அது வேறு கதை.)

பெரிய திருப்பம் அக்காதியம். 1857-இல் லண்டனில் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி, அசீரிய மன்னன் முதலாம் திக்லத்-பிலேசரின் அக்காதியக் கல்வெட்டு வாசகம் ஒன்றை வைத்து ராலின்சன், ஹிங்க்ஸ், டால்பட், ஓப்பெர்ட் என்ற நான்கு அறிஞர்களிடமும் தனித்தனியாக மூடிய உறையில் மொழிபெயர்ப்பு வாங்கியது. பிரித்துப் பார்த்தால் முக்கியமான எல்லாவற்றிலும் ஒத்துப்போயின. அன்றுமுதல் கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டு வரை பின்னோக்கிப் பார்க்க ஒரு ஜன்னல் திறந்தது.

அக்காதியம் வந்த பிறகுதான் குடும்பத்துக்குள் யார் யாருக்கு நெருக்கம் என்று கேட்கவே முடிந்தது. இதில் நூறு வருடம் தடுமாறினார்கள். அரபையும் எத்தியோப்பிய மொழிகளையும் ஒரே கிளையில் வைத்திருந்தார்கள். இரண்டிலும் ப ஒலி ஃப ஆனது, இரண்டிலும் சொல்லின் உள்ளே உயிரை மாற்றிப் பன்மை செய்வார்கள் (அரபில் கிதாப் புத்தகம், குதுப் புத்தகங்கள்). 1970களில் ராபர்ட் ஹெட்ஸ்ரோன் அந்த வாதத்தை உடைத்தார். அவர் தர்க்கம் எந்த வாத்தியாருக்கும் புரியும். பரீட்சையில் இரண்டு பையன்கள் ஒரே சரியான விடையை எழுதினால் காப்பியடித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒரே தப்பை எழுதியிருந்தால் மாட்டிக்கொண்டார்கள். மொழிகளிலும் அப்படித்தான்: தாத்தாவிடமிருந்து அப்படியே வந்தது நெருக்கத்தைக் காட்டாது, சேர்ந்து செய்த புது மாற்றம்தான் காட்டும்.

‘நான் செய்தேன்’, ‘நீ செய்தாய்’ விகுதிகளைப் பாருங்கள். அக்காதியத்தில் இதற்கு இணையானவை நான் ‘கு’, நீ ‘தா’. பழைய நிலை இதுதான். ஒன்றில் க, மற்றதில் த என்று பொருந்தாமல் இருப்பது யாருக்கும் உறுத்தும் போல, பேரன்கள் சீராக்கினார்கள். கீஸில் நான் ‘கு’, நீ ‘க’, எல்லாம் கவாக்கிவிட்டார்கள். அரபில் நான் ‘து’, நீ ‘த’. எபிரேயத்தில் நான் ‘தி’, நீ ‘தா’. இவர்கள் எல்லாம் தவாக்கிவிட்டார்கள். அரபு எபிரேயத்தோடு சேர்ந்து ஒரே ‘தப்பை’ எழுதியிருக்கிறது. நிகழ்கால வினையும் இதையே சொல்கிறது: அக்காதியத்திலும் கீஸிலும் வேரின் நடு மெய் இரட்டிக்கும், அரபு, எபிரேயம், அரமேயம் மூன்றும் அதை விட்டுவிட்டு வேறு வடிவம் செய்துகொண்டன. உள்பன்மை தாத்தா வீட்டுப் பழைய பெட்டி, அதை வைத்து நெருக்கம் சொல்ல முடியாது. ஆகவே இன்று பெரும்பாலோர் அரபை எபிரேயம், அரமேயத்தோடு ‘நடுச் செமிட்டிக்’ கிளையில் வைக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், யமன் மலைப்பகுதி அரபுப் பேச்சு சிலவற்றில் இன்றும் இந்த விகுதி கவில்தான் வருகிறது. அங்கே அரபுக்கு முன்பு இருந்த மொழிகளின் தடம் அது.

வாக்கிய அமைப்பை மட்டும் நம்பிவிடாதீர்கள். எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியில் தமிழ் மாதிரியே வினை கடைசியில் வரும். அக்காதியத்திலும் அப்படித்தான். முதலாவது பக்கத்திலிருந்த குஷிட்டிக் மொழிகளின் சகவாசம், இரண்டாவது சுமேரியத்தின் சகவாசம். இரண்டும் செமிட்டிக் குடும்பத்துக்கு வெளியே இருந்தவர்களிடம் கற்றுக்கொண்ட பழக்கம்.

எது மூத்தது என்றும் கேட்கத் தோன்றும். எழுத்தில் முதலில் தெரிவது அக்காதியம். கடைசி ஆப்பெழுத்துப் பலகைகள் கி.பி. முதல் நூற்றாண்டு. எபிரேயக் கல்வெட்டுகள் கி.மு. 10ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்குகின்றன. அரபு மொழியில் நீளமான தேதியிட்ட கல்வெட்டு என்று நமாராவில் கிடைத்தது கி.பி. 328. ஆனால் கடைசியாக எழுத வந்த அந்த அரபுதான் மெய்களையும் வேற்றுமை விகுதிகளையும் எபிரேயத்தைவிட அதிகம் காப்பாற்றியது. பாலைவனத்தில் பேசிக்கொண்டிருந்தவர்களிடம் பழசு பத்திரமாக இருந்திருக்கிறது. கணினிக் கணக்கு ஒன்று 2009-இல், இந்தக் குடும்பம் பிரியத் தொடங்கியது சுமார் 5,750 ஆண்டுகளுக்கு முன், லெவந்த் (சிரியா, லெபனான், பாலஸ்தீனம்) பகுதியில் என்று சொன்னது. இடத்தைப் பற்றிய சர்ச்சை ஓயவில்லை. எண்ணை நான் தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்வேன். மெஹ்ரியோ இன்றுவரை பரவலாக எழுதப்படுவதே இல்லை. தாத்தாவின் அந்தப் பக்கவாட்டுச் சீறலைத் தினசரிப் பேச்சில் வைத்திருப்பது அதுவும் அதன் அண்டை வீட்டு மொழிகளும்தான்.